ஊர்க்காவலும் உயிர்க்காவலும்: அடுத்தவரைக் காப்பாற்ற எப்போது ஆயுதம் எடுக்கலாம்?



ஆடு திருட்டும் மோட்டார் ஒயர் திருட்டும் அதிகமாகிப் போனதால், பல ஊர்களில் இளவட்டங்கள் ராத்திரி காவல் போட ஆரம்பிச்சிருக்காங்க. எங்க பக்கமும் அந்தப் பேச்சு ஓடுது. கையில் தடி, டார்ச் லைட்டு, சில ஊர்களில் லைசென்ஸ் வாங்கின துப்பாக்கியும் இருக்கு. "திருடன் மாட்டினா அடிச்சுப் போட்டுடலாம், தற்காப்புன்னு சொல்லிக்கலாம்"னு சர்வ சாதாரணமா பேசிக்கிறாங்க. அப்படிச் சொல்லிக்க முடியுமா? இந்த உரிமை எங்கே இருந்து வந்தது, எது வரைக்கும் போகும்? இதைக் கொஞ்சம் பழைய காலத்தில் இருந்தே பார்ப்போம்.

எங்க செங்கம் பக்கத்தில் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன்னு ஒரு கல்லைக் கும்பிடுவாங்க. வில்லும் கத்தியும் பிடிச்ச ஒரு ஆள் அதில் செதுக்கி இருப்பான். பொங்கல் வச்சுக் கும்பிடுற பல பேருக்கு அது நடுகல்னு தெரியாது. 1970-களில் நாகசாமி தலைமையில் இருந்த தொல்லியல் துறை இந்த வட்டாரத்துக் கற்களைத் தேடித் தேடிப் படிச்சுப் பதிவு பண்ணுச்சு. பல்லவர் காலத்துக் கற்கள் நிறைய. அதில் திரும்பத் திரும்ப வர்ற சேதி ஒண்ணுதான்: தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையை ஓட்டிக்கிட்டுப் போனவங்களைத் துரத்திப் போய், மீட்டு, அந்தச் சண்டையில் செத்தான் என்று அர்த்தம்.

எடுத்தனூரில் ஒரு கல் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. அதில் வீரனோடு அவன் வளர்த்த நாயும் செதுக்கியிருக்கு. நாய்க்குப் பேர் கோவிவன். எஜமான் விழுந்த பிறகும் ரெண்டு திருடர்களைக் கடிச்சு நின்னு காத்ததுன்னு நாய்க்கும் சேர்த்து எழுதி வச்சிருக்காங்க. இப்படிச் செத்தவன் குடும்பத்துக்கு நிலம் விடுவதும் உண்டு. அதுக்கு உதிரப்பட்டின்னு பேர். ரத்தத்துக்குக் கொடுத்த நிலம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து, மாடுதான் உழவு, மாடுதான் சோறு. மந்தை போனா ஊரே போச்சு. கூப்பிட போலீஸ் கிடையாது, கோர்ட்டு கிடையாது. பக்கத்து நாட்டுத் தலைவனே ஆள் அனுப்பித்தான் மந்தையை ஓட்டுவான். அதனால அது திருட்டு மட்டும் இல்லை, பாதி யுத்தம். அப்படி இருந்தும் "இத்தனை பேரைக் கொன்னான்" என்பதற்காக மட்டும் இந்தக் கல்லை நடலை. "பட்டான்" என்பதற்காகத்தான் நட்டாங்க. ஊருக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு மரியாதை. இதை மனசில் வச்சுக்கோங்க.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல்னு ஒரு வரி வருது. ஊரைக் காவல் காக்கிறதுக்காக வாங்கின வரி. பின்னாடி பாளையக்காரர் காலத்தில், முக்கியமா தெற்கே மதுரை, திருநெல்வேலிச் சீமையில், இது பெரிய ஏற்பாடாவே ஆயிடுச்சு. ஊர் அளவில் ஸ்தலக்காவல், சுத்துவட்டாரம் முழுக்கத் திசைக்காவல். அறுவடை ஆனதும் காவல்காரனுக்குக் களத்தில் நெல் அளந்துடுவாங்க. பதிலுக்கு அவன் பொறுப்பு என்னன்னா, ஊரில் பொருள் திருடு போனா கண்டுபிடிச்சுக் கொடுக்கணும். முடியலைன்னா அதன் மதிப்பைத் தன் கையில் இருந்து கட்டணும். இப்போ நாம கட்டுற இன்சூரன்ஸ் மாதிரி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆயுதம் கையில் இருக்கிறவனை யார் கேள்வி கேட்கிறது? காலப்போக்கில் காவல் கூலி கொடுக்காத ஊரில்தான் மாடு காணாமப் போகும் என்கிற நிலைமை வந்துச்சு. போன மாட்டைத் திரும்ப ஓட்டி வரத் துப்புக்கூலின்னு தனியா ஒரு பணம். பாதி மதிப்பைக் கொடுத்தா மாடு ராத்திரியோட ராத்திரியா கொட்டகைக்கு வந்துடும். 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் குடியானவங்க பொறுக்க முடியாம, ஊர் ஊரா பணம் போட்டுப் பண்டு சேர்த்து, இனிமே காவல் கூலி கிடையாதுன்னு கிளம்பினாங்க. அதில் வீடுகள் எரிஞ்சுது, அடிதடி ஆச்சு. காவல் என்கிற ஏற்பாடே கலகத்துக்குக் காரணமாப் போன கதை அது. காவலுக்குன்னு எடுக்கிற ஆயுதத்துக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லைன்னா அது எங்கே போய் நிக்கும் என்பதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இதுக்கு முன்னாடியே வெள்ளைக்காரன் காவல் உரிமையைப் பறிக்க ஆரம்பிச்சுட்டான். கட்டபொம்மன், மருது சகோதரர்கள் இவங்களோட சண்டை முடிஞ்சதும், 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டான். தெற்குச் சீமை ஜனங்க ஆயுதம் வச்சிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். பாளையக்காரர் கோட்டைகளை இடிச்சாங்க. திசைக்காவல் உரிமையும் பாளையக்காரர் கையை விட்டுப் போச்சு. 1816-ல் ஊர் மணியக்காரரையும் தலையாரியையும் வச்சு ஊர்ப் போலீஸ் ஏற்பாடு. 1859-ல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம். காக்கிற வேலை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா ஊர்க்காரன் கையில் இருந்து சர்க்கார் கைக்குப் போச்சு.

இந்த இடைவெளியில்தான் நம்ம கதைக்கு முக்கியமான ஆள் வர்றான். மெக்காலே. நம்ம ஊரில் அவன் பேரைச் சொன்னா இங்கிலீஷ் படிப்புதான் ஞாபகம் வரும். ஆனா இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவையும் அவன் தலைமையில் இருந்த கமிஷன்தான் 1837-ல் எழுதுச்சு. தற்காப்பு பற்றி அந்தக் கமிஷன் நினைச்சது வேடிக்கையா இருக்கும். இந்த நாட்டு ஜனங்க கொள்ளைக்காரனை எதிர்க்காம பொறுத்துப் போறாங்க, அவங்களுக்கு இன்னும் பயம் காட்டுற சட்டம் வேண்டாம், எதிர்த்து நிக்கிற தைரியம் வர்ற மாதிரி சட்டம் வேணும் என்பது அவங்க எண்ணம். அதனால தற்காப்பு உரிமையைத் தாராளமாவே எழுதினாங்க. அந்தச் சட்டம் 1860-ல் நிறைவேறி 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது.

அப்புறம் 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டு வந்தான். லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்கக் கூடாது. ஒரு கையில் எதிர்த்து நில்லுன்னு உரிமையைக் கொடுத்துட்டு, இன்னொரு கையில் ஆயுதத்தைப் பிடுங்கிக்கிட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புது ஆயுதச் சட்டம் வந்தது. அதிலும் லைசென்ஸ் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு மருந்து கெட்டிச்சுச் சுடுற நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கிற வழி அதில் இருக்கு. மலையடிவாரத்து ஊர்களில் சில வீடுகளில் இருக்கிற துப்பாக்கி அந்த வகைதான். தேர்தல் வந்தா ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைக்கச் சொல்லுவாங்க.

சரி, மெக்காலே காலத்து உரிமை இப்போ எப்படி இருக்கு? பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கு. எண் மாறிச்சு, சரக்கு பெரும்பாலும் அதேதான்.

முதல் விஷயம். இந்த உரிமை தன் உடம்புக்கு மட்டும் இல்லை. அடுத்தவர் உடம்பைக் காக்கவும் உண்டு. அவர் சொந்தக்காரரா இருக்கணும், நம்ம ஜாதியா இருக்கணும், தெரிஞ்சவரா இருக்கணும் என்பதெல்லாம் கிடையாது. ரோட்டில் போற யாரோ ஒருத்தரை வெட்ட வந்தாலும் குறுக்கே நிக்க நமக்கு உரிமை இருக்கு.

ரெண்டாவது, எதிராளி உயிர் போகிற அளவுக்கு எப்போ போகலாம் என்பது. அதுக்குச் சட்டம் பட்டியலே போட்டிருக்கு. உயிர் போயிடும் என்று நியாயமா பயப்படுற தாக்குதல். கொடுங்காயம் ஆகும் என்று பயப்படுற தாக்குதல். பலாத்கார நோக்கத்தோடு வர்றது. ஆளைக் கடத்திப் போகத் தாக்குறது. அதிகாரிகள் உதவியை நாட முடியாதபடி அடைச்சு வைக்கத் தாக்குறது. ஆசிட் வீச்சு, இது 2013-ல் சேர்த்தது. சொத்து விஷயத்தில் பட்டியல் இன்னும் சுருக்கம்: வழிப்பறி, கொள்ளை; ராத்திரியில் வீடு உடைச்சு நுழையறது; ஜனங்க குடியிருக்கிற அல்லது பொருள் வச்சிருக்கிற கட்டடத்துக்குத் தீ வைக்கிறது; திருட்டோ அத்துமீறலோ நடக்கும்போது தடுக்கலைன்னா உயிரோ கை காலோ போயிடும் என்கிற நிலைமை. இவ்வளவுதான்.

அப்போ வயலில் ஒயரை அறுத்துக்கிட்டு ஓடுறவனையும், மேய்ச்சலில் ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறவனையும், தோப்பில் தேங்காய் பறிக்கிறவனையும் என்ன பண்றது? தடுக்கலாம், பிடிக்கலாம், பிடிக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். கொல்ல முடியாது. நடுகல்லில் இருக்கிறவன் தொறுவுக்காக வில் எடுத்தான். இன்னைக்குச் சட்டம் மாட்டையும் மனுஷன் உயிரையும் ஒரே தராசில் வைக்கலை. கஷ்டப்பட்டு ஆடு வளர்க்கிறவனுக்கு இது வலிக்கும். எனக்கும் ஆடு இருக்கு, எனக்கும் வலிக்கும். ஆனா மாடு போனா ஊரே பட்டினி என்கிற காலம் இல்லை இது.

மூணாவது, எல்லை. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தா அந்த உரிமை கிடையாது. தடுக்க எவ்வளவு வேணுமோ அதுக்கு மேல அடிக்கக் கூடாது. ஆபத்து தொடங்கும்போது உரிமை தொடங்குது, ஆபத்து முடிஞ்சதும் முடிஞ்சுடுது. கேட்க லேசா இருக்கு. நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதுக்கு மூணு வழக்கு சொல்றேன். மூணும் நம்மள மாதிரி விவசாயிங்க நிலத் தகராறு, மூணும் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

முதல் வழக்கு உத்தரப் பிரதேசம், 1970-களின் தொடக்கத்தில் தீர்ப்பு. நிலத்தில் இருந்தவனை எதிர்க்கூட்டம் தடியால் தலையில் அடிச்சுது. அவன் வேல்கம்பால் குத்தினான், ஒருத்தன் செத்தான். தடிக்கு வேல்கம்பா என்று ஹைகோர்ட்டு தண்டிச்சுது. சுப்ரீம் கோர்ட்டு விடுவிச்சுது. தலையில் விழுகிற தடியும் உயிரை வாங்கும், அந்த நேரத்தில் ஒருத்தன் பொற்கொல்லன் தராசில் நிறுத்துப் பார்த்துத் திருப்பி அடிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

ரெண்டாவது பஞ்சாப், 2010 தீர்ப்பு. ஒரே குடும்பத்துக்குள் நிலத் தகராறு. அப்பாவைச் சொந்தக்காரர் கண்டாசாவால் வெட்டினார். கண்டாசா என்பது நீளக் காம்பு போட்ட அரிவாள் மாதிரி. மகன் துப்பாக்கியால் சுட்டான், வெட்டினவர் செத்தார். முதல் கோர்ட்டு விடுதலை, ஹைகோர்ட்டு தண்டனை, சுப்ரீம் கோர்ட்டு மறுபடி விடுதலை. தன்னையும் அப்பாவையும் காப்பாத்தச் சுட்டது சட்டப்படி சரின்னு முடிஞ்சுது. ஆனா சம்பவம் நடந்தது 1991. பத்தொன்பது வருஷம் அந்தக் குடும்பம் கோர்ட்டு வாசலில் நின்னுச்சு. நியாயம் நம்ம பக்கம் இருந்தாலும் விலை இவ்வளவு.

மூணாவது வழக்குதான் எனக்குப் பெருசாத் தெரியுது. அப்போ பஞ்சாபில் இருந்த அஹ்ரோடு என்கிற கிராமம், 1962 தீர்ப்பு. தங்கள் சுவாதீனத்தில் இருந்த நிலத்தில் வேலை செஞ்சவங்களை ஊர்க்கூட்டம் ஆயுதத்தோடு வந்து தாக்குச்சு. இவங்க கிட்டத் துப்பாக்கி. எதிர்த்துச் சுட உரிமை இருந்ததுன்னு கோர்ட்டே ஒத்துக்கிச்சு. ஆனா ஆள் விழுந்ததும் கூட்டம் சிதறி ஓடுச்சு. ஓடுறவங்களையும் தூரத்தில் நின்னவங்களையும் இவங்க விடாம சுட்டாங்க. அது தற்காப்பு இல்லை, கொலைன்னு தீர்ப்பு. அதே மனுஷன், அதே துப்பாக்கி, அதே வயல். முதல் குண்டு சட்டத்துக்கு உள்ளே, பின்னால் போன குண்டு சட்டத்துக்கு வெளியே. நடுவில் நடந்தது ஒண்ணே ஒண்ணு. எதிராளி முதுகைக் காட்டினான்.

அதுக்காக, அடிக்க வர்றவனைக் கண்டு ஓடணும்னு சட்டம் சொல்லலை. தன் சுவாதீனத்தில் இருக்கிற நிலத்தில் ஆள் பலத்தோடு அத்துமீறி வந்தா, விட்டுட்டு ஓடி ஸ்டேஷன் படியேறணும் என்று எதிர்பார்க்க முடியாதுன்னு 1960-களிலேயே டெல்லிப் பக்கத்து ஒரு நில வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. கோழையா இருக்கச் சட்டம் கேட்கலை. பழி வாங்கத்தான் விடலை.

நம்ம தமிழ்நாட்டிலேயே 2012-ல் மதுரையில் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். மகளைப் பலாத்காரம் பண்ண முயன்ற கணவனை, அந்தப் பொண்ணோட அம்மா கிரிக்கெட் மட்டையால் அடிச்சார். அவன் செத்தான். அப்போ எஸ்.பி.யா இருந்த அஸ்ரா கர்க், பழைய சட்டத்தின் 100-ஆவது பிரிவைக் காட்டி அந்தத் தாயை விடுவிச்சார். துப்பாக்கி இல்லை, அரிவாள் இல்லை. கையில் கிடைச்ச மட்டை. அடுத்தவர் உடம்பைக் காக்கிற உரிமை என்பது என்னன்னு அந்த ஒரு சம்பவத்தில் தெரிஞ்சுடும். ஆனா எல்லா வழக்கிலும் போலீஸே இப்படி முடிவு எடுத்துடாது. பெரும்பாலும் வழக்கு பதிவாகும், கைதாகும், தற்காப்புன்னு கோர்ட்டில் காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. நல்லெண்ணத்தோடதான் செஞ்சோம், ஆனா எல்லை தாண்டிப் போச்சுன்னா கொலைக் குற்றம் குறையுமே தவிர தண்டனை இல்லாம போகாது.

இப்போ நம்ம மாவட்டத்துக்கே வர்றேன். 2018 மே மாசம். வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்பில் பரவுச்சு. போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி கார்ல வந்த ஒரு குடும்பம். கூட இருந்த வயசான அம்மா ரோட்டோரக் குழந்தைங்களுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க. அவ்வளவுதான். கூட்டம் கூடி அடிச்சுது. அந்த அம்மா செத்துப் போனாங்க, கூட வந்தவங்களுக்குப் பலத்த காயம். அதே சமயத்தில் பழவேற்காட்டிலும் இதே புரளியால் ஒரு மனுஷனை அடிச்சுக் கொன்னாங்க.

அடிச்சவங்களைக் கேட்டா குழந்தைகளைக் காப்பாத்தத்தான் அடிச்சோம்னு சொல்லி இருப்பாங்க. கடத்தலைத் தடுக்க உயிரை எடுக்கிற அளவுக்கும் போகலாம்னு சட்டத்தில் இருக்கே என்று யாராவது கேட்கலாம். இருக்கு. ஆனா சட்டம் கேட்கிறது நியாயமான பயம். குழந்தையை யாராவது தூக்கினாங்களா? இழுத்தாங்களா? ஆயுதம் காட்டினாங்களா? சாக்லேட் கொடுத்தது தாக்குதலா? போனில் வந்த சேதி பயத்தைக் கொடுக்கும், உரிமையைக் கொடுக்காது. அப்படியே நிஜமான கடத்தல்காரனா இருந்தாலும், பிடிச்சு உட்கார வச்ச பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் குற்றம்தான். கையைக் கட்டிப் போட்டவன் கிட்ட இருந்து யாரைக் காப்பாத்தப் போறோம்?

எங்க பக்கம் நடுகல் நட்ட ஊர்கள் இருக்கிற இதே மாவட்டத்தில்தான் இதுவும் நடந்தது. கல்லில் இருக்கிறவன் ஆயுதத்தோடு வந்த கூட்டத்துக்கு எதிரா நின்னு தன் உயிரைக் கொடுத்தான். அத்திமூரில் நின்னது நிராயுதபாணியா வந்த ஒரு கிழவிக்கு எதிரா ஒரு கூட்டம். ரெண்டையும் ஊர்க்காவல்னு ஒரே பேரில் சொல்லக் கூடாது.

ராத்திரி காவல் போடுற தம்பிகளுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். காவல் போடுங்க, தப்பில்லை. முதலில் ஸ்டேஷனில் சொல்லி, யார் யார் எந்த ராத்திரின்னு எழுதிக் கொடுங்க. போலீஸ் நம்பர் 100, அவசர எண் 112, ரெண்டும் எல்லார் போனிலும் இருக்கட்டும். காவலுக்குப் போறவன் குடிச்சிருக்கக் கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கின துப்பாக்கியை ஊர் சுத்த எடுத்துக்கிட்டுப் போகாதீங்க, லைசென்ஸ் அதுக்குக் கொடுக்கலை. கண் முன்னாடி திருட்டு மாதிரி பெரிய குற்றம் பண்ணினவனைப் பொதுஜனமே பிடிக்கலாம், புதுச் சட்டப்படி ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸில் ஒப்படைக்கணும். பிடிச்சவனுக்குத் தண்ணி கொடுங்க, அடிக்காதீங்க. தெரியாத முகத்தைப் பார்த்தா முதலில் வாயைத் திறந்து "எந்த ஊரு, யாரைப் பார்க்கணும்"னு கேளுங்க. வழி தெரியாம வந்தவங்களா இருந்தா வழி சொல்லி அனுப்புங்க.

அரிவாளோடு ஒருத்தன் ஒரு உயிர் மேல பாயறானா, குறுக்கே நில்லுங்க. கையில் இருக்கிறதை வச்சுத் தடுங்க. சட்டம் உங்க கூட நிக்கும். அவன் அரிவாளைப் போட்டுட்டுத் திரும்பி ஓடினா, நீங்களும் கையை இறக்கிடுங்க. அதுக்கு மேல ஸ்டேஷன்காரங்க பார்த்துப்பாங்க.